கார்த்திகை வெள்ளமும் காயாத சுவரும்

அரியலூர்ப் பக்கம் வெள்ளம் இரண்டு பருவத்தில் வரும். முதலாவது ஆடி, ஆவணியில். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, மேட்டூர் 120 அடியைத் தொட்டு, உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும்போது திருமானூர் கரையோரம் நனையும். உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது. வெயில் சுட்டெரிக்கும், ஆறு மட்டும் கரைபுரளும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது இப்படியொரு வெள்ளத்தில்தான்.

இரண்டாவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை பச்சைமலையிலும் பெரம்பலூர்ச் சமவெளியிலும் விடாமல் பெய்ய, கோடையில் மணல் மட்டுமே தெரிகிற மருதையாறு ஒரே இரவில் வேறு ஆறாகிவிடும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்கு அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த ஆற்றுப் பாலத்தில்தான். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆற்றின் பெயர் பலருக்கு நினைவில் இருக்காது.

இரண்டு வெள்ளத்திலும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாக வைத்துக்கொள்வோம். அதே செங்கல், அதே ஒன்பது அங்குலச் சுவர், அதே சிமென்ட் பூச்சு. ஆடியில் நனைந்த வீடு புரட்டாசிக்குள் ஓரளவு தேறிவிடும். கார்த்திகையில் நனைந்தது தை பிறந்தும் ஓதம் காத்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு அடித்த பெயின்ட் மாசியில் பொருமி, பங்குனியில் உரிந்து விழும். அடித்தவர் மேலும் பெயின்ட் கம்பெனி மேலும் பழி போகும். இருவருமே பெரும்பாலும் குற்றமற்றவர்கள்.

சுவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். செங்கல்லைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு. 15 சதவீதம் என்றே எடுத்துக்கொள்வோம். மூன்று கிலோ கல் சுமார் 450 மில்லி குடிக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 500 கல். பத்தடி நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள சுவர்ப் பகுதியில் மட்டும் 340 கல்லுக்கு மேல் இருக்கும். கணக்குப் போட்டால் 150 லிட்டர் வருகிறது. ஒரு அறையின் ஒரு பக்கத்துச் சுவருக்கு இவ்வளவு. பார்வைக்கு லேசாக நிறம் மாறியிருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வெள்ளம் முழங்காலோடு நின்றாலும் ஈரம் முழங்காலோடு நிற்பதில்லை. செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் அகல்விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோலத் தண்ணீரை மேலே இழுக்கும். துளை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் ஏறும். பத்து மைக்ரான் ஆரமுள்ள துளையில் கணக்குப்படி ஒன்றரை மீட்டர். நிஜச் சுவரில் துளைகள் பலவிதம், வழியிலேயே கொஞ்சம் ஆவியாகியும் போகும் என்பதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் ஒன்றரை அடி நின்ற வெள்ளத்துக்கு மூன்றடி வரை ஓதம் தெரிவது சகஜம். ஆகவே சுவரில் கோடுகள் இரண்டு உண்டு. கீழே சேறு படிந்த நீர்க்கோடு, மேலே மங்கலான ஓதக்கோடு. இந்த இரண்டையும் மனதில் வைத்திருங்கள், காப்பீடு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனி காய்வது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 36 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 42 கிராம் நீராவியை ஏந்தும். 24 டிகிரியில் 22 கிராம்தான். ஆடி மாதத்துப் பகலில் 36 டிகிரி வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒவ்வொரு கன மீட்டரிலும் இன்னும் 23 கிராமுக்கு இடம் காலியாக இருக்கிறது. அடைமழை விட்ட மார்கழியில் 24 டிகிரி, 88 சதவீதம் என்றால் மிச்சமிருக்கும் இடம் இரண்டரை கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒன்பது மடங்கு வித்தியாசம். அந்த 150 லிட்டரை வெளியேற்ற ஆடிக்காற்று பத்துக்குப் பத்து அறையைக் குறைந்தது 230 முறை நிரப்பி வெளியேற வேண்டும். மார்கழிக் காற்று 2,000 முறைக்கு மேல். மேலோட்டமான கணக்குதான் இது. ஆவியாகும்போது சுவர் குளிர்ந்துவிடும் என்பதைச் சேர்த்தால் எண்கள் இன்னும் மோசமாகும். ஆனால் விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

காற்று மட்டும் போதாது, வெப்பமும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் தேவை. 150 லிட்டருக்கு அதை மின்சாரக் கணக்கில் மாற்றினால் நூறு யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதும் நூறு யூனிட்தான்! ஒரு சுவரின் ஒரு துண்டைக் காயவைக்கவே அது சரியாகிவிடும். நாம் யாரும் ஹீட்டர் வைத்துச் சுவரைக் காயவைப்பதில்லை. அந்த நூறு யூனிட்டைச் சூரியன் தர வேண்டும்.

அங்கேதான் வடக்குச் சுவர் மாட்டிக்கொள்கிறது. பெரம்பலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. புரட்டாசி தொடங்கிய சில நாளில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போதிருந்து பங்குனி தொடங்கும் வரை வடக்குப் பார்த்த சுவரில் நேர்வெயில் படவே படாது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிப்பதோ அந்த வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். மழையை முழுதாக வாங்கி, வெயிலைத் துளியும் வாங்காத சுவர் அது. வீட்டில் எந்தச் சுவர் கடைசியாகக் காயும் என்று கேட்டால் ஈரமானி எதுவும் இல்லாமலே வடக்குச் சுவரைக் கை காட்டலாம். பீரோவையும் அரிசி மூட்டையையும் புத்தக அலமாரியையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் நகர்த்த வேண்டும். ஓர் அடி இடைவெளியாவது விடுங்கள்.

காய்வதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் சுவரின் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும். உள்ளிருந்து நுண்துளை வழியாகத் தண்ணீர் மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். மின்விசிறி நன்றாக வேலை செய்வது இந்தக் கட்டத்தில். ஆனால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு விசிறியைச் சுழலவிட்டால் அதே ஈரக்காற்றைத்தான் கிளறிக்கொண்டிருப்போம். மழை உள்ளே அடிக்காதவரை எதிரெதிர் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும், ஒரு விசிறி வெளிப்பக்கம் பார்த்துச் சுழலட்டும். இரண்டாம் கட்டத்தில் மேற்பரப்பு காய்ந்துவிடும். ஈரம் சுவரின் வயிற்றுக்குள் பின்வாங்கி, அங்கிருந்து ஆவியாக மட்டுமே வெளியே வரும். இதற்கு விசிறி அதிகம் உதவாது, காலம்தான் உதவும். அந்தக் காலமும் சுவரின் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைவிட ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று பிரிட்டனில் பழைய வீடுகளைப் பராமரிப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வெயிலுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், வடக்குச் சுவருக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

கை வைத்துப் பார்த்து "காஞ்சுடுச்சுங்க" என்று கொத்தனார் சொல்வது இந்த இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்தில். உடனே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் ஏற்றினால் உள்ளே இருக்கும் பத்துக் குடம் தண்ணீருக்கு வழி அடைபடுகிறது. கோடை வந்து சுவர் சூடானதும் அது பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தக் காலத்தில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சுண்ணாம்புப் பூச்சு ஆவியை மறிப்பதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. அரியலூர் மண்ணுக்கு அடியில் கிடப்பதே சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அரசு சிமென்ட் ஆலையும் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் போன்ற ஆலைகளும் இங்கே வந்தன. அப்படிப்பட்ட ஊரிலேயே நீற்றிய சுண்ணாம்பு கடைகளில் ஓரம்போய், பிளாஸ்டிக் பெயின்ட் டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. வெள்ளம் கண்ட வீட்டுக்கு அந்த ஆண்டுப் பொங்கலில் வெறும் சுண்ணாம்பு போதும் என்பது என் உறுதியான கருத்து. எமல்ஷனை அடுத்த புரட்டாசிக்குத் தள்ளிப் போடலாம்.

காய்ந்ததா என்று அறிய ஒரு எளிய சோதனை: ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது சுவரிலிருந்து வந்தது. பெயின்ட்டரிடம் பேச இன்னும் நேரம் வரவில்லை.

அடுத்தது உப்பு. சுவர் "உப்பு பூத்துடுச்சு" என்கிறோமே, அது வெறும் அழகுக்குறைவு அல்ல. வெள்ளநீரும் மண்ணும் கொண்டுவந்த உப்புகள் தண்ணீரோடு சுவருக்குள் ஏறுகின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. மேற்பரப்பில் படிகமானால் வெள்ளைப் பொடியாகத் துடைத்துவிடலாம். பூச்சுக்குள்ளேயே படிகமானால் காரையைத் தள்ளிப் பொரித்துவிடும். சோடியம் சல்பேட் இதில் மகா குறும்புக்கார உப்பு. நீர்மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்ளும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கும் மேல் பெருகும். அந்த மாற்றத்தின் எல்லை 32.4 டிகிரி. நம் ஊர்ச் சுவர்கள் ஒரே நாளில் இரண்டு முறை கடக்கிற வெப்பநிலை அது! பெரம்பலூர் மாவட்டம் காரை, குளக்காநத்தம் பகுதியில் பள்ளத்தாக்காய் அரித்துக் கிடக்கும் களிமண் நிலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணுக்குள் ஜிப்சம் பாளம் பாளமாக மின்னும். பத்துக் கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்த மண் அது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். சல்பேட் மிகுந்த மண்ணும் நீரும் சிமென்ட் காரையையே மெல்ல உடைக்கக்கூடியவை. அப்படிப்பட்ட இடங்களில் அடிப்பகுதி வேலைக்குச் சல்பேட் தாங்கும் சிமென்ட் கேட்டு வாங்குவது நல்லது. பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த பொடியை வாரி வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

பூஞ்சைக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. நனைந்த துணி, மெத்தை, பிளைவுட், அட்டைப்பெட்டி ஆகியவற்றில் ஓரிரு நாளிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். சுவரைப் பற்றி நிதானமாக இருக்கலாம், மெத்தையைப் பற்றி இருக்க முடியாது. ஆற்றுவெள்ளத்தில் கழிவுநீரும் வயல் மருந்தும் கலந்திருக்கும். இலவம்பஞ்சு மெத்தை அதில் ஊறியிருந்தால் வெயிலில் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பது வீண். படமெடுத்து வைத்துவிட்டுத் தூக்கி எறியுங்கள். தரைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் சரி. அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது மெயினை அணைப்பது. அதுவும் நிற்கும் இடம் காய்ந்திருந்தால்தான். ஸ்விட்ச் போர்டு நனைந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. கரையோர ஊர்களில் பாம்பு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குளிர்நாடுகளில் இந்தக் கதை வேறுமாதிரி. அங்கே வீட்டுக்குள் தண்ணீர் புகப் பெரிய காரணங்களில் ஒன்று குழாய் உறைந்து வெடிப்பது. தண்ணீர் உறையும்போது பருமன் ஒன்பது சதவீதம் கூடும், குழாய் தாங்காது. நிலவறை நிரம்புவது இன்னொன்று. 2013 ஜூலை 8 அன்று டொரண்டோ விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நிலவறைகள் நிரம்பிய வீடுகளில் நம் தமிழர் வீடுகளும் இருந்திருக்கும். அங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை, நடுவே கம்பளிபோல் குளிர்காப்பு. நனைந்தால் காயவைப்பதில்லை. தரையிலிருந்து இரண்டடியோ நான்கடியோ நேர்கோடாக அறுத்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஈரநீக்கி இயந்திரங்களையும் காற்றூதிகளையும் ஓடவிட்டு, மரச்சட்டத்தைத் தினமும் ஈரமானியால் குத்திப் பார்த்துக் குறித்துவைப்பார்கள். இதற்கென்று தனித் தொழிலே இருக்கிறது.

குளிரில் வீடு காயாது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை தலைகீழ். பூஜ்ஜியம் டிகிரியில் காற்று ஐந்து கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. அந்தக் காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஹீட்டர் ஓடும் வரை கனடாவின் தை மாதம் நம் சித்திரையைப்போல உலர்த்தும். நமக்கு மாட்டியிருப்பது நடுவில் நிற்கும் ஒரு பருவம். காற்றில் உள்ள நீராவி குறையும் அளவுக்குக் குளிரும் இல்லை, இடம் காலியாகும் அளவுக்கு வெப்பமும் இல்லை. ஏசி இருக்கும் வீடுகளில் அதை உலர்த்தும் நிலையில் வைத்து ஜன்னலைச் சாத்தி ஓட்டினால் ஒரு சின்ன ஈரநீக்கியாகவே வேலை செய்யும். வெளியே சொட்டும் குழாய்க்கு அடியில் வாளி வைத்தால் சுவர் எவ்வளவு கக்கியது என்று அளந்தே பார்க்கலாம்.

ஆனால் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை, அந்த இயந்திரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதில். அங்கே பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். அங்கும் எல்லாம் சுலபமில்லை. ஆறு பெருகி வரும் வெள்ளத்துக்குக் கனடாவில் சாதாரண வீட்டுக்காரருக்குப் பாலிசியே 2015 வரை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை. அதற்கு 1968இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் இந்தியப் பாலிசி தாராளமானது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் தீ, மின்னல், நிலநடுக்கத்தோடு புயலும் வெள்ளமும் உள்ளடக்கம். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தும் வழிந்தும் நேரும் சேதமும் சேரும். வெள்ளம் வந்த ஏழு நாளுக்குள் வீட்டில் திருட்டுப் போனாலும் உண்டு. காப்பீட்டுத் தொகை மனையின் விலையை வைத்து அல்ல, கட்டுமானச் செலவை வைத்து. 800 சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்ட அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றால் 16 லட்சம். அதில் 20 சதவீதம், இந்தக் கணக்கில் 3 லட்சத்து 20 ஆயிரம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். அதன் உச்சவரம்பு 10 லட்சம். தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டாய் என்று விகிதம் போட்டு வெட்டுகிற பழைய வழக்கமும் இதில் இல்லை. ரொக்கம், பத்திரம், வாகனம் இதில் சேராது. நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

இதோடு அரசு நிவாரணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2025-26 வரையான விதிப்படி, சமவெளியில் வீடு முழுதாக அழிந்தால் 1 லட்சத்து 20 ஆயிரம். பகுதிச் சேதம், அதுவும் குறைந்தது 15 சதவீதம் என்றால், உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 8,000. நனைந்து உப்பு பூத்த சுவர் இந்த 15 சதவீதத்தை எட்டுவதே கடினம். எட்டினாலும் 6,500 ரூபாயில் ஒரு அறைக்குப் பூச்சு வேலை முடியாது. நிவாரணம் உயிர்வாழ்வதற்கு, வீட்டைச் சீராக்குவதற்கு அல்ல.

அப்படியிருந்தும் பைக்குக்கு இன்சூரன்ஸ் போடும் நாம் அது நிற்கிற வீட்டுக்குப் போடுவதில்லை. சிலர் போட்டிருப்பதும் அவர்களுக்கே தெரியாது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி பல நேரம் கட்டடத்துக்கு ஒரு பாலிசியும் எடுத்து, பிரீமியத்தைக் கணக்கில் கழித்திருக்கும். கடன்தாரர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் பாலிசி வேறு, இது வேறு. கிளைக்குப் போய் இரண்டில் எது இருக்கிறது, நகல் எங்கே என்று கேளுங்கள். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாட்டில் இருப்பவர்கள் கட்டிய வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அவர்கள், ஆளில்லாமல் கிடக்கும் வீட்டைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதைப் பாலிசியில் முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

இனி அந்த இரண்டு கோடுகளுக்கு வருவோம். காப்பீடு கேட்பது ஒரே கேள்விதான்: திடீரென்று வந்ததா, நாள்பட ஊறியதா? வெள்ளமும் குழாய் வெடிப்பும் முதல் வகை. மாடித்தளத்தில் வருஷக்கணக்காகக் கசிவது, பேஸ்மட்டம் வழியாக ஏறும் ஓதம், பராமரிக்காத சன்ஷேடு ஆகியவை இரண்டாம் வகை. அவற்றுக்குப் பொதுவாகப் பணம் வராது. சிக்கல் என்னவென்றால், வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் வகைச் சேதமும் இரண்டாம் வகையைப்போலவே தோற்றம் தரும். சேறு கழுவப்பட்டிருக்கும், ஓதமும் உப்பும்தான் மிச்சம். சர்வேயர் அதைப் பார்த்துப் பழைய ஓதம் என்று எழுதினால் முழுக்க அவர் தவறென்று சொல்ல முடியாது. அதனால்தான் நீர்க்கோடு அழியும் முன் அதன் பக்கத்தில் டேப்பைப் பிடித்து, தேதி தெரிய, அறைக்கு அறை படமெடுக்க வேண்டும். மேலே உள்ள ஓதக்கோட்டையும் தனியாக எடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் மறுபடி எடுத்தால் கோடு ஏறி, நின்று, பிறகு இறங்கும் வரிசை கிடைக்கும். பல வருஷத்து ஓதம் வெள்ளத்தோடு சேர்ந்து இப்படி ஏறி இறங்காது. இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சர்வேயர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று சிலர் சேற்றோடு காத்திருப்பார்கள். அது தவறான யோசனை. சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்ளும் கடமை பாலிசிக்காரருக்கும் உண்டு. படமெடுத்துவிட்டுச் சேற்றைத் தள்ளுங்கள், ஜன்னலைத் திறங்கள். வீணான பிளைவுட்டில் ஒரு துண்டு, மிக்ஸியின் வரிசை எண் உள்ள அடிப்பாகம் போன்றவற்றை ஒதுக்கி வையுங்கள். காற்றூதி வாடகை, எலக்ட்ரீஷியன் கூலி, சேறு அள்ளிய ஆட்கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். இடிபாடு அகற்றும் செலவுக்கு க்ளைம் தொகையில் இரண்டு சதவீதம் வரை அந்தப் பாலிசியிலேயே இடமிருக்கிறது.

கரிசல் நிலத்து வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இது கசப்பான செய்தி. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்க் கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் உண்டு. அதன் அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், போனால் சுருங்கி வெடிக்கும். வெள்ளத்தில் வீட்டைச் சுற்றியுள்ள மண் முதலில் உப்பி ஓரங்களைத் தூக்கும். நடுப்பகுதி அப்படியே இருக்கும். கதவு இறுகும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு கிளம்பும். கோடையில் அதுவே மறுபக்கம் திறக்கும். இதை வெள்ளச் சேதம் என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். பாலிசியோ நிலம் அமிழ்ந்ததற்குப் பணம் தரும் பிரிவிலேயே, கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் வெடிப்பு, நிரப்பிய மண்ணின் நகர்வு, குறைபாடான வடிவமைப்பு ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கிறது. கரிசலில் ஆழமில்லாத கடைக்கால் போட்ட வீட்டின் வெடிப்பு பெரும்பாலும் அந்த விலக்கில் போய்ச் சேரும். இதற்கு வழி கட்டும்போதே இருந்தது. ஈரம் மாறாத ஆழம் வரை இறங்கி, அடியில் குமிழாக அகன்ற தூண்களை இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தந்திருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் மண்ணைச் சோதிக்காமல் வானம் தோண்டாதீர்கள். கட்டி முடித்தவர்கள் வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சாய்வாகத் தளம் போட்டு, கூரைத் தண்ணீர் சுவரோரம் நிற்காமல் ஓடவிடலாம்.

மறுபடி க்ளைமுக்கு வருவோம். 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, க்ளைம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் க்ளைமை நிராகரிக்கவும் கூடாது. ஒரு தாலுகாவே மூழ்கும்போது இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் தேதியிட்டு எழுத்தில் கேட்டவருக்கும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கும் ஒரே பதில் வருவதில்லை.

நிறுவனம் மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் சொல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் எழுதலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அவர் விசாரிப்பார். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசி நகல், நிறுவனத்தின் கடிதம், நீர்க்கோட்டின் படங்கள் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.